கணினி கேள்வி–பதில்: ரகசியச் சாவி சர்வரிலேயே இருக்கட்டும்

கேள்வி: ஐயா, எங்கள் கோயிலில் தைப்பூசக் காவடி எடுப்பவர்கள் பெயர் பதிய ஒரு வலைப்பக்கம் செய்கிறேன். பதிந்ததும் அவர்களுக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். எஸ்எம்எஸ் சேவையின் ஏபிஐ (நம் நிரல் அந்தச் சேவையை அழைக்கும் வழி) ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் எச்மேக் சிக்னேச்சர் (ரகசியச் சாவியால் கணக்கிட்ட முத்திரை) கேட்கிறது. சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் ஒழுங்காக ஓடும் கோடு (நிரல்) பிரவுசரில் ஓடவில்லை. எங்கே திருத்துவது?
– ஒரு வாசகர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: திருத்த வேண்டாம் தம்பி, அந்தக் கோடைப் பிரவுசரிலிருந்து எடுத்துவிடுங்கள். ஓடியிருந்தால்தான் ஆபத்து. சிக்னேச்சர் எப்படி உருவாகிறது என்று பாருங்கள்: ரிக்வெஸ்டின் மெத்தட், பாதை, கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் விவரங்கள், நேரம், பாடியின் (உள்ளடக்கத்தின்) ஹேஷ் என்ற கைரேகை போன்ற சுருக்கம் எல்லாவற்றையும் அவர்கள் சொன்ன வரிசையில் ஒரே சரமாகக் கோத்து, உங்களுக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரிந்த ரகசியச் சாவியோடு எச்மேக் எஸ்எச்ஏ-256-இல் போட்டால், ஹெக்ஸில் 64 எழுத்து வரும். அவர்களும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் உள்ளே விடுவார்கள். ரிக்வெஸ்டில் சாவி போவதே இல்லை. 1997-இல் ஆர்எஃப்சி 2104 ஆக வெளிவந்த இந்த முறையின் பலமே அதுதான்.

பிரவுசரில் எழுதினால் அந்தச் சாவியைப் பக்கம் திறக்கிற ஒவ்வொருவரின் போனுக்கும் நீங்களே இறக்கிக் கொடுக்கிறீர்கள். கோடைச் சுருக்கி மினிஃபை செய்தாலும் சாவி அதற்குள் அப்படியே இருக்கும். என்வ் ஃபைலில் (அமைப்பு விவரங்களைத் தனியே வைக்கும் ஃபைல்) வைத்தேன், அதனால் பத்திரம் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் வலைப்பக்கத்தைத் தயாரிக்கும் வீட், நெக்ஸ்ட்.ஜேஎஸ் போன்ற கருவிகளில் பிரவுசருக்கு என்று முன்னொட்டு வைத்த மாறிகள் பில்டு செய்யும்போது ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலுக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். யாரோ ஒருவர் கோயில் கணக்கில் ஆயிரக்கணக்கில் எஸ்எம்எஸ் அனுப்பலாம், அதுவும் கோயில் பெயரிலேயே பக்தர்களுக்குப் பொய்ச் செய்தி அனுப்பலாம். பணம் போனதைவிட அது பெரிய கேடு.

அதனால் பிரவுசர் உங்கள் சர்வருக்குப் பெயரையும் எண்ணையும் மட்டும் அனுப்பட்டும். செய்தியை சர்வரே எழுதி, சர்வரே சைன் செய்து, சர்வரே அனுப்பட்டும். இங்கே இன்னொரு குழி இருக்கிறது: சிலர் சாவியை சர்வரில் வைத்துவிட்டு, பிரவுசர் எந்தச் சரத்தை அனுப்பினாலும் சைன் செய்து திருப்பித் தரும் ஒரு முகவரியைத் திறந்து வைப்பார்கள். சாவியையே கொடுத்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அப்புறம், அந்தச் சாவி ஏற்கெனவே கிட்டில் (கோடின் பழைய பதிப்புகளையும் சேமித்து வைக்கும் கருவி) ஏறியிருந்தால் ஃபைலை அழித்தால் போதாது, பழைய கமிட்டில் இருக்கும். சேவையின் பக்கத்தில் போய்ப் புதுச் சாவி வாங்கிக்கொண்டு பழையதை ரத்து செய்யுங்கள்.

ஏன் ஓடவில்லை என்று கேட்டீர்கள், அதற்கும் சொல்கிறேன். டேட், ஹோஸ்ட் போன்ற ஹெடர்களை (ரிக்வெஸ்டோடு போகும் தலைப்பு விவரங்கள்) ஜாவாஸ்கிரிப்ட் தன் இஷ்டத்துக்கு வைக்கப் பிரவுசர் விடாது, எரரும் வீசாது. அவற்றைச் சேர்த்து சைன் செய்திருந்தால் சிக்னேச்சர் பொருந்தாது. அதோடு, வேறு டொமைனுக்கு நம் சொந்த ஹெடரோடு போகும்போது பிரவுசர் முதலில் ஆப்ஷன்ஸ் என்று ஒரு ரிக்வெஸ்டைத் தானாக அனுப்பும். அதில் சிக்னேச்சர் இருக்காது. அங்கேயே 401 (அனுமதி இல்லை என்ற பதில்) வந்தால் உங்கள் உண்மையான ரிக்வெஸ்ட் கிளம்பவே கிளம்பாது.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் பிரவுசரில் எதையும் சைன் செய்யவில்லை, எல்லாம் பிஎச்பி சர்வரில்தான். பிரெஞ்சு முறையில் எழுதிய பெயர்கள் போகின்றன, தமிழ் எழுத்தில் பெயர் இருந்தால் மட்டும் சிக்னேச்சர் தவறு என்று வருகிறது.
– ஒரு வாசகி, குவாத்ர் போர்ன்

பதில்: நல்ல கேள்வி அம்மா. தமிழில் பெயர் எழுத இடம் வைத்திருக்கிறீர்களே, அதற்கே ஒரு வணக்கம். சைன் ஆவது பைட்டுகள். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தாலும் பைட் மாறினால் சிக்னேச்சர் முழுக்க வேறாகிவிடும். தரவைச் சரமாக்கும் பிஎச்பியின் ஜேசன் என்கோட், நீங்கள் வேறு மாதிரி சொல்லாவிட்டால், தமிழ் எழுத்தை எல்லாம் பேக்ஸ்லாஷ் போட்ட குறியீடாக மாற்றிவிடும். ஜாவாஸ்கிரிப்ட் அப்படிச் செய்யாமல் எழுத்தையே வைக்கும். நீங்கள் ஒரு வடிவத்தை ஹேஷ் செய்து, உங்கள் எச்டிடிபி லைப்ரரி இன்னொரு வடிவத்தை அனுப்பினால் முடிந்தது கதை. பாடியை ஒரே தடவை சரமாக்கி, அதையே ஹேஷ் செய்து, அதையே அனுப்புங்கள்.

அது சரியாக இருந்தும் சில பெயர் மட்டும் தவறினால் கொம்பையும் காலையும் பாருங்கள். ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், இடப்பக்கக் கொம்பு வலப்பக்கக் கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். நடுவில் ஏதாவது ஒரு இடத்தில் நார்மலைஸ் ஆனால் (ஒரு வடிவத்திலிருந்து மற்றதற்கு மாற்றப்பட்டால்) பைட் மாறும். அதனால் பெயர் உள்ளே வந்ததுமே என்எஃப்சிக்கு (குறிகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிடுங்கள், அதன் பிறகு தொடாதீர்கள்.

பெயர் யூஆர்எல்லில் போகிறது என்றால் இடைவெளி %20 ஆ, + ஆ என்று பாருங்கள். பிஎச்பியில் யூஆர்எல்என்கோட் + போடும், ராயூஆர்எல்என்கோட் %20 போடும், பெரும்பாலான சேவைகள் இரண்டாவதைத்தான் கேட்கும். வரிசையும் அப்படித்தான். 1998-இல் நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இடம் மாறி அச்சாகி, நோட்டையே திரும்பப் பெற வேண்டி வந்தது நினைவிருக்கும்; இங்கேயும் எழுத்து அத்தனையும் சரியாக இருந்து இடம் மாறினால் செல்லாது. நீங்கள் சைன் செய்த சரத்தை அப்படியே லாகில் எழுதி, அவர்கள் டாக்குமென்டில் உள்ள உதாரணத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சாவியை மட்டும் லாகில் எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: அமேசானின் கேப்டவுன் ரீஜனில் ஃபைல் ஏற்றும் கோடு எழுதினேன். பகலில் வேலை செய்கிறது, நள்ளிரவு தாண்டினால் விடியற்காலை 4 மணி வரை தவறுகிறது!
– ஒரு மாணவர், வாக்குவா

பதில்: 4 மணி என்று நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள். மொரீஷியஸ் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட 4 மணி முன்னால். அமேசானின் சிக்னேச்சர் 4 முறையில் சாவியிலிருந்து அன்றைய தேதிக்கான சாவி ஒன்றைப் பெறுவோம். நேரத்தை யூடிசியிலும் தேதியை நம் ஊர்க் கணக்கிலும் எடுத்திருக்கிறீர்கள். இரண்டையும் ஒரே யூடிசி நேரத்திலிருந்து வெட்டி எடுங்கள். பிரவுசர் நேராக ஃபைல் ஏற்ற வேண்டுமானால் சர்வரில் ப்ரீசைன் செய்த (முன்கூட்டியே சைன் செய்த) யூஆர்எல் கொடுங்கள். 7 நாள் வரை கொடுக்கலாம்தான், ஒரு ஃபைல் ஏற்றச் சில நிமிடம் போதும்.

கேள்வி: எச்டிடிபிஎஸ் (வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் முறை) இருக்கும்போது சிக்னேச்சர் எதற்கு?
– ஒரு வாசகர், போர்ட் லூயிஸ்

பதில்: சின்னத் தளத்துக்கு டோக்கன் (அனுமதிச் சீட்டு போன்ற ஒரு சரம்) போதும். 2012-இல் வந்த ஓஆத் 2.0 என்ற அனுமதி முறை கூட முந்தைய பதிப்பின் சிக்னேச்சரை விட்டுவிட்டு டோக்கனுக்குத்தான் போனது. ஆனால் டோக்கன் ஏதாவது லாகில் கசிந்தால் எடுத்தவர் எதற்கும் பயன்படுத்தலாம், சிக்னேச்சர் கசிந்தால் அந்த ஒரு ரிக்வெஸ்டுக்கு மட்டும், அதுவும் நேரம் பார்க்கிற சர்வரில் சில நிமிடம் மட்டுமே செல்லும். பணம் நகரும் இடத்தில் அதைக் கேளுங்கள். பணம் வந்தது என்று வெப்ஹுக் (சேவை உங்கள் சர்வருக்குத் தானாக அனுப்பும் தகவல்) வரும்போது நீங்கள்தான் சரிபார்க்கிறவர்: ஜேசனைப் பிரிப்பதற்கு முன், வந்த பைட்டுகளின் மேலேயே கணக்குப் போடுங்கள், இரண்டு சிக்னேச்சரையும் சாதாரண சமக்குறியால் ஒப்பிடாமல் நோட்.ஜேஎஸ்ஸில் டைமிங்சேஃப்ஈக்வல் (எவ்வளவு பொருந்தியது என்பதை எடுத்த நேரம் காட்டிக்கொடுக்காத ஒப்பீடு) கொண்டு ஒப்பிடுங்கள். இரண்டின் நீளமும் ஒன்றா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் அது எரர் வீசும்.