பாட்டியின் முகத்துக்கு என்ன நிறம்?

கேள்வி: நுண்கலைக் கல்லூரியில் ஓவியம் மூன்றாமாண்டு படிக்கிறேன். அமெரிக்க ஓவியர் ஏமி ஷெரால்டின் உருவப்படங்களைப் பார்த்ததிலிருந்து நானும் முகங்களைச் சாம்பல் நிறத்தில்தான் வரைகிறேன். போன வாரம் செல்போன் படத்தை வைத்துப் பாட்டியை அப்படி வரைந்தேன். 'இது உன் படமே இல்லை' என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். இன்னொருவர் பாதிப்பு இருப்பது தவறா?
- மாணவி, கும்பகோணம்

பதில்: தவறே இல்லை. யாரையும் பார்க்காமல் வரையக் கற்றவர் கிடையாது. ஆனால் உங்கள் பாட்டி என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லையே? கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது அதுதான்.

ஷெரால்டின் சாம்பலுக்குக் காரணம் உண்டு. தோலின் நிறத்தைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடும் சமூகத்தில், கறுப்பின மக்களை அவர் வரைகிறார். தோலைச் சாம்பலாக்கி, உடையையும் பின்னணியையும் பளீரென்று வைத்துவிட்டால், பார்ப்பவர் அந்த மனிதரைப் பார்த்தே ஆக வேண்டும். பழைய கறுப்பு வெள்ளைக் குடும்பப் புகைப்படங்களின் ஞாபகமும் அதில் சேர்ந்திருக்கிறது. 2018-ல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட மிஷெல் ஒபாமா படம் ஆறடி உயரம். விரிந்து கிடக்கும் கவுன், வெளிர் நீலப் பின்னணி, நடுவில் சாம்பல் முகம்.

நம் சிக்கல் வேறு. கல்யாண ஆல்பத்தில் பெண்ணின் முகத்தை வெளுப்பாக்கித் தருகிற ஊர் நம்முடையது. இங்கே கறுப்பை எடுத்துவிட்டால், ஏற்கெனவே எல்லோரும் செய்வதைத்தான் நாமும் செய்கிறோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் கும்பகோணத்தில் படித்த ஓவியர் இளையராஜாவைப் பாருங்கள். கிராமத்துப் பெண்களின் மாநிறத் தோலில் வெளிச்சம் விழுவதை எவ்வளவு பொறுமையாகக் கவனித்திருக்கிறார்! 2021-ல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. இன்னும் மனம் ஆறவில்லை.

மாணவனாக இருந்தபோது எனக்கு பிரிட்டிஷ் ஓவியர் லூசியன் ஃபிராய்டு மேல் பைத்தியம். அவரைப் போலவே வெள்ளையை அப்பி அப்பி அம்மாவை வரைந்தேன். "என்னடா, சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கேன்?" என்று கேட்டார் அம்மா. அந்தக் கனமான ஈய வெள்ளை, ஃபிராய்டின் எதிரில் இருந்த வெளிர் தோல்களுக்குப் பொருந்தியது. அவரிடம் நான் எடுத்திருக்க வேண்டியது நேரத்தை. ஒரு சின்னப் படத்துக்காக ஓவியர் டேவிட் ஹாக்னி அவர் முன்னால் நூறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தார். நானோ அம்மாவை பாஸ்போர்ட் போட்டோ பார்த்து வரைந்திருந்தேன், அம்மா பக்கத்து அறையில் இருக்கும்போதே.

அதனால் செல்போனை வைத்துவிட்டு, பாட்டியைப் பத்து நாள் காலை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரின் நீலம் என்ற மூன்று வண்ணங்களும் போதும். முதல் நாள் வெள்ளைக் குழாயைத் திறக்கவே வேண்டாம். கறுத்த தோலாக இருந்தால் கன்னமேட்டில் மினுங்கும் இடம் வானத்தின் நீலத்தை வாங்கியிருக்கும். கழுத்து மடிப்பில் செம்மை தெரியும். இவ்வளவும் பார்த்த பிறகும் சாம்பல்தான் வேண்டும் என்று தோன்றினால், தயங்காமல் சாம்பலிலேயே வரையுங்கள்.

அப்புறம், சாய்வுள்ள நாற்காலியாகப் போடுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டியை எழுந்து நடக்க விடுங்கள். நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டால், மறுநாளும் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் உட்காரலாம்.