பவளப்பாறையும் நம் ஊர்ப் பாரும்: கேள்வி பதில்

மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பல ஆண்டுகள் நீரில் மூழ்கி ஆய்வுப் பணி செய்துவிட்டு, இப்போது சொந்த ஊரான கொல்லங்கோட்டில் இருக்கிறேன். தமிழக-கேரள எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் உள்ள நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. பார் என்று நாங்கள் சொல்வது கடலடிப் பாறையை. இறால் பண்ணைக் கேள்விகள் என் துறை அல்ல, விட்டுவிட்டேன்.

களியக்காவிளை மாணவி: சார், பவளப்பாறை கல்லா, செடியா?

விலங்கு, மகளே. மிளகளவு உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் சமைத்துப் பவளத்துக்கும் ஊட்டுகிறது. பகலில் பார்த்தால் வெறும் கல். இரவில் விளக்குடன் மூழ்கினால் ஒவ்வொரு குழியிலிருந்தும் இதழ் இதழாகக் கைகள் நீண்டு இரை தேடும். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். உன் உயரத்துக்கு நிற்கும் பவளம் உன் பாட்டியைவிட மூத்தது. அதன்மேல் நங்கூரம் விழுந்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். படகு வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்: மணல் தரை பார்த்து நங்கூரம் போடுங்கள்.

பாறசாலை: மோதிரத்தில் பதிக்கும் பவளம் இதுதானா?

இல்லை. அந்தச் சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடல் போன்ற இடங்களில் ஆழத்தில் வளரும் வேறு இனம்.

நித்திரவிளை: மன்னார் வளைகுடாவில் இருக்கும் பவளத்திட்டு நம் மேற்குக் கரையில் ஏன் இல்லை?

பவளத்துக்குத் தெளிந்த நீரும் வெயிலும் வேண்டும். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணியும் பூவாரில் நெய்யாறும் செம்மண் கலங்கலைக் கடலில் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்து அலையும் அடிமண்ணைக் கிளறிவிடும். அந்தக் கலங்கலில் பாசிக்கு வெயில் கிடைக்காது, பவளத்தின் வாயும் அடைபடும். ராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரையிலான 21 தீவுகளைச் சுற்றிய கடல் ஆழம் குறைந்தது, அந்த மழையின் முழு வேகமும் அங்கே எட்டுவதில்லை. 1986இல் அது தேசியப் பூங்காவானது.

திருவனந்தபுரம்: வீட்டு மீன்தொட்டியில் வைக்க உயிர்ப்பவளம் எங்கே கிடைக்கும்?

வாங்காதீர்கள். 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம்.

மண்டபத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த சகோதரி: எங்கள் தாத்தா காலத்தில் முருகைக்கல் (பவளக்கல்) எடுத்துத்தான் சுண்ணாம்பு சுட்டார்கள். அவர்கள் செய்தது தவறா?

உங்கள் தாத்தாவை நான் குறை சொல்லமாட்டேன், அம்மா. அவர் வயிற்றுப்பாட்டுக்கு எடுத்தார். பிறகு அது வியாபாரமாகி, படகு படகாகப் போனது. விளைவைக் கண்ணால் பார்த்தவன் நான். பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. சுற்றியிருந்த கல்லை எடுத்ததும் அலை நேராக மணலில் மோதியது, மணல் கரைந்தது. பவளத்திட்டு அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைத் தடுத்துவிடும் என்று உலகெங்கும் எடுத்த அளவீடுகளைத் தொகுத்த ஆய்வு சொல்கிறது. நம் கரையில் லாரி லாரியாகக் கருங்கல் கொட்டியும் அலை வீட்டுக்குள் வருகிறதே, அந்த வேலையைத்தான் அது கூலி கேட்காமல் செய்துகொண்டிருந்தது.

மீனும் அதை நம்பித்தான் இருக்கிறது. கடல்தரையில் ஒரு சதவீதம்கூட இல்லாத இடத்தில் கடல் உயிரினங்களில் நான்கில் ஒரு பங்கு வாழ்கிறது.

மார்த்தாண்டம்: வெளுத்துப்போன பவளம் செத்ததாகத்தானே அர்த்தம்?

இல்லை. நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் தன் பாசியை வெளியே தள்ளிவிடும். கண்ணாடி போன்ற சதைக்குள் வெள்ளை எலும்பு தெரியும். உயிர் இருக்கும், பட்டினியாக. சில வாரங்களில் சூடு தணிந்தால் பிழைக்கும். 2010, 2016 கோடைகளில் மன்னாரில் இதைப் பார்த்தோம். குருசடைத் தீவில் பார்த்தது வேறு கொடுமை. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி பவளத்தின்மேல் பாய்போல் படர்ந்திருந்தது. கையால் உரித்தேன். அடியில் வெறும் சுண்ணாம்புதான் இருந்தது.

நெய்யாற்றின்கரை: மீன்தொட்டிக்குச் செத்த பவளமாவது வாங்கலாமா?

மேலே திருவனந்தபுரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். செத்ததற்கும் அதே சட்டம்தான்.

இனயம், சிப்பி எடுப்பவர்: ஐயா, முப்பது ஆண்டாக முங்குகிறேன். எங்கள் பாரிலும் பவளம் ஒட்டி வளர்கிறது. மன்னாருக்குப் பூங்கா இருக்கிறது. எங்கள் பார்மேல் இழுவை வலை போனால் கேட்க ஆளில்லையே?

அண்ணன் சொல்வது முழு உண்மை. திட்டாகக் கட்டும் அளவுக்கு இல்லாவிட்டாலும் நம் பாறைப் பார்களில் பவளம் இருக்கிறது. சிப்பியும் கலவாயும் சிங்கி இறாலும் அங்கேதான். மலைமுகட்டையும் கோயில் கோபுரத்தையும் கணியம் பார்த்து, அதாவது கரை அடையாளங்களைக் கொண்டு கடலில் இடம் கணித்து, ஒவ்வொரு பாரையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள் நீங்கள். அந்தப் பெயர்களை எழுதி வையுங்கள். இருக்கிறது என்று காட்டினால்தான் காக்கச் சொல்லி வாதாட முடியும்.

வள்ளவிளை: மீன் தங்கக் கடலில் கான்கிரீட் கூடுகளை இறக்கினால் போதுமே. மீன் வருகிறதே!

வருகிறது. ஆனால் சுற்றுப்புறத்து மீன் ஓரிடத்தில் கூடுவது வேறு, கடலில் மீன் பெருகுவது வேறு. கூடிய மீனை உடனே வாரிவிட்டால் மிச்சம் என்ன? தூத்துக்குடிக்கு அருகே வான் தீவு தேய்ந்துகொண்டே போனபோது 2015 முதல் கூடுகள் இறக்கினார்கள், அங்கே அது தேவைப்பட்டது. உயிருள்ள பார் பக்கத்திலேயே இருக்கும்போது அதை இழுவை வலைக்கு விட்டுவிட்டு சிமெண்டை இறக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

இனயத்துக்காரர் மீண்டும்: கூடு இறக்கிய இடத்தை எங்களிடம் சொல்லவில்லை. என் வலை இரண்டு முறை மாட்டிக் கிழிந்தது.

வள்ளவிளை மீண்டும்: அது இறக்கியவர் தவறு, கூட்டின் தவறு இல்லை.

இருவரும் சொல்வது சரி. கணியம் தெரிந்தவரிடம் கேட்காமல் கடலில் ஒரு கல்லும் இறக்கக் கூடாது. ஆனால் கிழிந்து அங்கே கிடக்கும் வலை இன்னும் மீன் பிடித்துக்கொண்டேயிருக்கிறது, யாருக்கும் பயனில்லாமல். பாரில் மாட்டிய வலையை இழுத்து அறுக்காதீர்கள். சிப்பி எடுப்பவரை அழைத்து மெதுவாக விடுவியுங்கள். அறுந்த துண்டு கரைக்கு வரட்டும்.

கொல்லம்: நேரில் பார்க்க எங்கே போகலாம்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் வனத்துறையின் கண்ணாடி அடிப் படகில் போங்கள். கால் வைக்காதீர்கள்.

பூவார்: மீன்தொட்டிக்கு...

இல்லை.

நீரோடி: அண்ணே, இரவில் மணல் எது, பார் எது என்று தெரியாமல் எப்படி நங்கூரம் போடுவது?

நல்ல கேள்வி. ஈயக்குண்டின் அடியில் சோப்பைத் தடவி இறக்கிப் பாருங்கள். மணல் ஒட்டி வந்தால் போடலாம். வெறுமையாகக் கீறலோடு வந்தால் கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி இறக்குங்கள்.