அடுப்படிக் கேள்வி – பதில்: பிரெட் தூள் கோழி

கேள்வி: இரண்டு கிலோ உறைகோழிப் பை வாங்கி, மைதா, முட்டை, பிரெட் தூள் என்று முறைப்படிதான் செய்கிறேன். எண்ணெயில் போட்டதும் மேல்பூச்சு தகடு தகடாகக் கழன்று போகிறது. ஏன்?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: பையின் பின்பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள், உப்புநீர் எத்தனை சதம் என்று போட்டிருக்கும். தென்னாப்பிரிக்காவில் 2016-இல் வந்த விதிப்படி உறைகோழித் துண்டுகளில் 15 சதம் வரையும், முழுக்கோழியில் 10 சதம் வரையும் உப்புநீர் ஏற்றலாம். அப்படியானால் உங்கள் பையில் கால் கிலோவுக்கும் மேல் தண்ணீரே இருக்கக்கூடும். சூடான எண்ணெயில் அது ஆவியாகி வெளியே வர வழி தேடும். அதுதான் பூச்சைத் தூக்கிவிடுகிறது.

பையை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு முழு நாள் வைத்து உறைநீக்குங்கள். வெந்நீரில் போட வேண்டாம். பிறகு வடிகூடையில் அரை மணி நேரம் வடியவிட்டு, சமையலறைத் தாளால் ஒவ்வொரு துண்டையும் அழுத்தித் துடையுங்கள். தோலை உரித்துவிடுங்கள், வழுவழுப்பான தோலில் தூள் பிடிக்காது. கழுவவும் வேண்டாம். ஈரம் கூடும், கிருமி தொட்டி முழுக்கத் தெறிக்கும்.

ஒரு கிலோ எலும்பில்லாக் கோழிக்கு அளவு இது: மைதா 100 கிராம், சோள ஸ்டார்ச் 2 மேசைக்கரண்டி, முட்டை 3, பிரெட் தூள் 250 கிராம். புதுக்கோழி என்றால் உப்பு 2 தேக்கரண்டி. உப்புநீர்க் கோழி என்றால் அரைத் தேக்கரண்டி போதும். கறியை ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டிக்கொள்ளுங்கள். மாவில் புரட்டியதும் நன்றாக உதறுங்கள். உதறாமல் விட்ட மாவு முட்டைக்கு அடியில் பசையாகி வழுக்கும். முட்டையை நுரை வராமல் அடித்து, தோய்த்து, வழியவிட்டு, தூளில் உள்ளங்கையால் அழுத்துங்கள். பிறகு மூடாமல் 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த 20 நிமிடத்தைத்தான். மாவும் தூளும் முட்டை ஈரத்தை இழுத்துக் கறியோடு ஒட்டுவது அப்போதுதான்.

எண்ணெய் 175 டிகிரி இருக்கட்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சிட்டிகை தூளைப் போடுங்கள். உடனே மேலெழும்பிப் பொரிய வேண்டும், ஆனால் கருகக் கூடாது. முதல் இரண்டு நிமிடம் கரண்டியால் தொடாதீர்கள். சட்டி கொள்ளாத அளவு போட்டால் சூடு இறங்கி, தூள் எண்ணெய் குடித்துவிடும்.

தூளுக்கு இரண்டு நாள் பழைய வெள்ளை பிரெட்டை மிக்சியில் இரண்டு சுற்று சுற்றினால் போதும். கடையில் விற்கும் ஆரஞ்சு நிறத் தூளை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. மாவுபோல் நைசாக இருப்பதால் அது மொறுமொறுப்பாவதில்லை, கெட்டியாகத்தான் ஆகிறது.

கேள்வி: டர்பனில் சரியாக வந்த அதே கணக்கு இங்கே வரவில்லை. கால்துண்டு வெளியே கறுத்து, எலும்போரம் சிவப்பாக இருக்கிறது.
– வாசகர், லெனேசியா

பதில்: டர்பன் கடல்மட்டத்தில் இருக்கும் ஊர். ஜொகனஸ்பர்க் பக்கம் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் துண்டின் மேல் ஈரம் சீக்கிரம் வற்றி, உள்ளே வேகும் முன்பே வெளியே சிவக்கிறது. எண்ணெயை 165 டிகிரிக்கு இறக்குங்கள். எலும்புள்ள துண்டைப் பொன்னிறம் வரும்வரை மட்டும் பொரித்து, 160 டிகிரி ஓவனில் கம்பித்தட்டில் வைத்து முடிப்பது இன்னும் நல்லது. பன்னிரண்டு நிமிடம் கழித்துச் சோதியுங்கள்.

சிவப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இளங்கோழியை உறையவைத்தால் எலும்பு மஜ்ஜையின் நிறம் கறியில் இறங்கும், வெந்த பிறகும் அது மாறாது. வெப்பமானியை எலும்பில் படாமல் தடித்த இடத்தில் குத்துங்கள். 74 டிகிரி வந்தால் சாப்பிடலாம். கால்துண்டுக்கு 80 தாண்டினால்தான் மிருதுவாக இருக்கும்.

கேள்வி: தூளில் மசாலா கலந்தால் கசக்கிறதே?
– வாசகி, டொங்காட்

பதில்: மிளகாய்த்தூள் பிரெட்டுக்கு முன்பே கருகும். தூளில் எதுவும் கலக்காதீர்கள். ஒரு கிலோவுக்கு 200 மில்லி அமாசியில் (தயிர்போன்ற புளித்த பால்) மசாலா 1 மேசைக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி கலந்து கறியை நான்கு மணி நேரம் ஊறவையுங்கள். ஒரு இரவுக்கு மேல் போனால் புளிப்பில் கறி மாவாகிவிடும். மாவில் புரட்டும் முன் விழுதைத் துடைத்தெடுங்கள். காரம் போதாதென்றால் மாவில் ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள் சேர்க்கலாம். முட்டையும் தூளும் மூடிக்கொள்வதால் அங்கே கருகாது.

கேள்வி: ஏர்ஃபிரையரில் தூள் வெள்ளையாகவே நிற்கிறது.
– வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: தூளை முதலிலேயே வறுத்துவிடுங்கள். ஒரு கப்புக்கு 2 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, மிதமான தீயில் கிளறி, இளம்பொன்னிறத்தில் இறக்கி ஆறவிடுங்கள். பிறகு வழக்கம்போல் பூசி, 190 டிகிரியில் 12 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பிப்போட்டு வையுங்கள்.

கேள்வி: புரட்டாசியில் இதே முறையில் என்ன செய்யலாம்? முட்டையும் கூடாது.
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: கத்தரிக்காயை ஒரு சென்டிமீட்டர் வட்டமாக அரிந்து, உப்புத் தடவி, 20 நிமிடம் கழித்துத் துடையுங்கள். முட்டைக்குப் பதில் மைதா 4 மேசைக்கரண்டி, தண்ணீர் 6 மேசைக்கரண்டி. கோழி பொரித்த எண்ணெய் வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

கேள்வி: கடற்கரைக்குக் கட்டிக்கொண்டு போனால் சொதசொதவென்று ஆகிறது.
– வாசகர், ஸ்டாங்கர்

பதில்: சூட்டோடு டப்பாவில் மூடினால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும். தாளில் குவிக்காமல் கம்பித்தட்டில் அரை மணி நேரம் ஆறவிட்டு, காகிதப் பையில் வாயை மூடாமல் எடுத்துப் போங்கள். கோடை வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். அதற்குமேல் ஆகுமென்றால் ஃபிரிட்ஜில் குளிரவைத்து, ஐஸ்பெட்டியில் கொண்டுபோய்க் குளிராகவே சாப்பிடுங்கள். மொறுமொறுப்பு கொஞ்சம் குறையும், வயிறு கெடாது.