படிவத்தில் 'ரிஃபோர்மியர்ட்' என்று போடலாமா?

தம்பி, சூரிச்சில் கெமைண்டேயில் (ஊராட்சி அலுவலகத்தில்) பதியப் போனபோது சமயமும் கேட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஊரில் தென்னிந்தியத் திருச்சபை, இங்கே 'ரிஃபோர்மியர்ட்', அதாவது சீர்திருத்தச் சபை, என்று போடலாமா. வேலையிடத்தில் இருக்கும் மெனனைட் என்ற சபைக்காரரும் புரட்டஸ்தாந்துதானே, அவர் ஏன் அப்படிப் போடவில்லை என்பது உங்கள் கேள்வி.

போடலாம். யாழ்ப்பாணத்தில் உங்கள் சபையை வளர்த்த அமெரிக்கன் மிஷன்காரரும், சீர்திருத்தச் சபையின் பெரிய போதகரான கல்வின் வழி வந்தவர்கள்தான். ஆனால் போட்டால் சூரிச்சில் திருச்சபை வரி வரும், மெனனைட்காரருக்கு வராது. அதற்குக் காரணம் இதே ஊரில் 500 வருடத்துக்கு முன் நடந்த சண்டை.

1519இல் சூரிச்சின் பெரிய கோவிலான குரோஸ்முன்ஸ்டருக்குக் குருவாக வந்தவர் சுவிங்கிலி. இங்கே சீர்திருத்தச் சபையைத் தொடக்கியவர் அவர்தான். 1522இல், இறைச்சி தின்னக்கூடாத லெந்து விரத காலத்தில், ஓர் அச்சுக்கூடக்காரர் வீட்டில் சிலர் சொசேஜ் தின்றார்கள். சுவிங்கிலி பக்கத்தில் இருந்தும் வாயில் வைக்கவில்லை. பிறகு, வேதத்தில் இல்லாத விரதம் யாரையும் கட்டாது என்று பிரசங்கம் செய்தார். கெட்டிக்காரர்!

அவரோடு வேதம் படித்த இளைஞர்கள் அதையே திருப்பிக் கேட்டார்கள்: அப்படியென்றால் குழந்தை ஞானஸ்நானம் மட்டும் வேதத்தில் எங்கே இருக்கிறது? 1525 ஜனவரி 21 இரவு, அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸின் தாய் வீட்டில் கூடி, வளர்ந்தவர்களே ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டார்கள். நகரசபைக்கு ஊரும் சபையும் ஒன்று. ஊரில் பிறக்கிற பிள்ளை சபைப் பிள்ளை. விசுவாசம் வந்தவன் மட்டும் சேரட்டும் என்றால் அந்தக் கட்டே அவிழ்ந்துபோகும். போதாததற்கு, சத்தியம் செய்யமாட்டோம், ஆயுதம் தூக்கமாட்டோம் என்றும் இவர்களில் பலர் நின்றார்கள். சுவிங்கிலி நகரசபையின் பக்கம் நின்றார். எனக்கு அவரில் பிடிக்காத இடம் இதுதான்.

1527 ஜனவரி 5, மான்ஸின் கைகளை முழங்காலோடு சேர்த்துக் கட்டி, இடையில் தடி செருகி, லிம்மாட் ஆற்றில் தள்ளினார்கள். தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுத்தவனுக்குத் தண்ணீரிலேயே தண்டனை. ஷிப்ஃபெ கரையில் கல் பதித்திருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். இவர்களில் சூரிச்சில் கடைசியாகக் கொல்லப்பட்ட ஹான்ஸ் லாண்டிஸின் பெயரும் 1614 என்ற வருடமும் அதில் இருக்கிறது. 2004இல்தான் அதை வைத்தார்கள். சீர்திருத்தச் சபை மன்னிப்புக் கேட்டதும் அந்த வருடம்தான்.

மெனனைட்காரர் அந்த வழி வந்தவர்கள். பெயர் மட்டும் பின்னால் வந்த மென்னோ சிமோன்ஸ் என்ற டச்சுக்காரருடையது. இன்றைக்கும் அவர்கள் சபையை நடத்துவது சொந்தக் காணிக்கையில்தான். சீர்திருத்தச் சபை கன்டோன் (மாநில அரசு) அங்கீகரித்த சபை, ஆகவே வரி.

சரி, வீட்டில் மனைவியோடும் பேசி முடிவெடுத்துப் போடுங்கள். பிறகு விலகுவதென்றால் சபைக்கு எழுத்தில் கடிதம் கொடுக்க வேண்டும்.