தம்பி, செல்ஃப் மாத்துறதுக்கு முன்னாடி இத படிங்க

தம்பி, நீங்க கேட்டது நாலு கேள்வி. ஷார்ஜால எந்த ஏரியால வாடகை கம்மி, ஃபேமிலி விசாவுக்கு சம்பளம் எவ்வளவு வேணும், பிள்ளைக்கு எந்த ஸ்கூல், அப்புறம் போற போக்குல ஒண்ணு: புதுசா வாங்கின பழைய டொயோட்டா கேம்ரி காலைல ஒரே தடவைல ஸ்டார்ட் ஆகுது, துபாய் போயிட்டு வந்து பெட்ரோல் பங்க்ல ஆஃப் பண்ணா செல்ஃப் (இன்ஜின சுத்தி ஸ்டார்ட் பண்ற மோட்டார்) எடுக்கல, டக்னு ஒரே ஒரு சத்தம், அரை மணி நேரம் ஆறினதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி எடுக்குது, செல்ஃப் மாத்த கராஜ்ல 700 திர்ஹம் கேக்குறான், குடுக்கலாமான்னு. முதல் மூணுக்கும் சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. நாலாவதுக்கு நான் சொல்றேன். ஜூன் ஜூலைல ரோட்டுல நின்னா என்ன ஆகும்னு உங்களுக்கு இன்னும் தெரியாது.

இப்ப 700 குடுக்காதீங்க. செல்ஃப் போயிருக்கலாம், இல்லன்னு சொல்லல, ஆனா சூட்டுல மட்டும் எடுக்கலன்னா பேட்டரி, வயர், சொலினாய்டு (சாவி திருப்பினா செல்ஃபுக்கு கரண்ட் விடுற காந்த ஸ்விட்சு), செல்ஃப் இந்த நாலுல எது வேணா இருக்கலாம். காப்பர் 100 டிகிரி கூடுதலா சூடானா அதோட ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட 40 சதவீதம் ஏறிடும், சொலினாய்டு உள்ள இருக்கிறதும் காப்பர் சுருள்தானே, அதனால அதோட இழுக்கிற பலம் குறையும். அதுலயும் வண்டி ஓடும்போத விட ஆஃப் பண்ணப்புறம்தான் மோசம், ரேடியேட்டர் தண்ணி சுத்துறது நின்னுடும், காத்தும் அடிக்காது, இன்ஜின் சூடு முழுக்க அங்கயே தேங்கும். அதனாலதான் பங்க்ல அஞ்சு பத்து நிமிஷம் நின்னதும் மக்கர் பண்ணுது.

முப்பது நாப்பது திர்ஹத்துக்கு ஒரு மல்ட்டிமீட்டர் வாங்குங்க. எடுக்காத நேரத்துல, சூட்டோடயே, பேட்டரி ரெண்டு முனைலயும் வச்சுக்கிட்டு வேற ஒருத்தர சாவி திருப்ப சொல்லுங்க. சும்மா இருக்கும்போது 12.4 வோல்ட்டுக்கு மேல காட்டணும். சாவி திருப்பும்போது 9.6க்கு கீழ விழுந்தா பேட்டரி செத்துடுச்சு, இல்ல செல்ஃப் அளவுக்கு மீறி கரண்ட் இழுக்குது, முதல்ல பேட்டரிய செக் பண்ணுங்க, இந்த ஊர் வெயில்ல ரெண்டு வருஷம் தாண்டின பேட்டரிய நான் நம்பவே மாட்டேன். டக்னு சத்தம் வந்தும் மீட்டர் 12லயே அசையாம நின்னா கரண்ட் போய் சேரல, சொலினாய்டு கான்டாக்ட் (உள்ள கரண்ட் கடத்துற காப்பர் துண்டு) தேய்ஞ்சிருக்கலாம் இல்ல எர்த் வயரோ டெர்மினலோ லூஸா இருக்கலாம். சத்தமே வரலன்னா கியர N ல போட்டு ஒரு தடவை திருப்பி பாருங்க, அதுல எடுத்தா கோளாறு கியர் ஸ்விட்சுலதான், செல்ஃப் பாவம் ஒண்ணும் பண்ணல. நல்லா சுத்துது ஆனா இன்ஜின் பிடிக்கலன்னா அது வேற கதை, க்ராங்க் சென்சார் (இன்ஜின் சுத்துறத கம்ப்யூட்டருக்கு சொல்றது) பக்கம் பாருங்க.

பழைய கேம்ரி கொரோலால அந்த சொலினாய்டு உள்ள இருக்கிற காப்பர் கான்டாக்ட் தேயுறது ரொம்ப சகஜம். அத மட்டும் மாத்த முடியும், முழு செல்ஃப் தேவையில்ல. ஆனா கராஜ்காரன் இத சொல்ல மாட்டான், சொன்னா அவனுக்கு என்ன லாபம்? இன்னொன்னு, ராத்திரி வண்டிய விட்டுட்டு வராதீங்க, காலைல ஆறின வண்டிய ஸ்டார்ட் பண்ணி பாத்துட்டு “எல்லாம் ஓகே” ம்பான், இல்ல கண்ணை மூடிட்டு செல்ஃப மாத்திடுவான். மத்தியானம் ஏசி போட்டு நல்லா ஓட்டிட்டு போய் அவன் வாசல்லயே ஆஃப் பண்ணுங்க, அவன் கண்ணு முன்னாடி மக்கர் பண்ணட்டும்.

எனக்கு இத கத்துக் குடுத்தது இண்டஸ்ட்ரியல் ஏரியால ஒரு வயசான பஷ்தூன் (பட்டாணியர்) எலக்ட்ரீஷியன். நான் 98ல வந்தவன், துபாய் தேரால பெட் ஸ்பேஸ் (ரூம்ல ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு), கட்டிலுக்கு அடிலதான் பெட்டி, சமையல் முறை போட்டு. முதல் வண்டி மேனுவல் கியர் நிஸான் சன்னி, துபாய்-ஷார்ஜா இத்திஹாத் ரோட்டுல ஆகஸ்ட் மாசம் நின்னா யாராவது தள்ளி விட்டாதான் உண்டு (உங்க ஆட்டோ கியர தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது, அத மறந்துடுங்க). அந்த பெரியவர் சொலினாய்டு மூடிய கழட்டி உள்ள விரல விட்டு காட்டினார், ஒரு கான்டாக்ட் தடியா இருக்கு, இன்னொன்னு ஒரு ஓரம் கரிஞ்சு பிளேடு மாதிரி தேய்ஞ்சிருக்கு. எனக்கு அப்ப ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. அவர் கடைல டீ குடிச்சுக்கிட்டே உக்காந்து கத்துக்கிட்டேன், இன்னைக்கு உருதுல பேரம் பேசுவேன், மலையாளத்துல சண்டையும் போடுவேன். இருபது வருஷம் இங்க இருந்தும் மெக்கானிக் கிட்ட போய் “பையா, காடி கராப்” (அண்ணே, வண்டி கெட்டுப்போச்சு) ன்னு மட்டும் சொல்லிட்டு பர்ஸ திறக்குற நம்ம ஆளுங்க இருக்காங்க, கேட்டா ‘காசு போனா போகுது டைம் முக்கியம்’ ன்னு வியாக்கியானம் வேற. லீவு நாள் முழுக்க தூங்குறவங்களுக்கு என்ன டைமோ.

வண்டிய வித்தது ‘நம்ம ஊர் அண்ணன்’ ன்னு எழுதியிருக்கீங்க. காலைல வரச் சொல்லி காட்டியிருப்பாரே? ஊர் பேர், சொந்தம் எல்லாம் கல்யாணத்துக்கு, கார் வாங்குறதுக்கு இல்ல. பழைய வண்டி வாங்குறதுன்னா அரை மணி நேரம் ஓட்டி, ஆஃப் பண்ணி, பத்து நிமிஷம் நின்னு, மறுபடி ஸ்டார்ட் பண்ணணும். அதுல ஜிசிசி வண்டியா (வளைகுடா நாடுகளுக்குன்னே செஞ்சது) இல்ல அமெரிக்கால அடிபட்டு ஏலத்துல வந்ததான்னும் பாருங்க, மலிவா கிடைச்சதுன்னா அதுவா இருக்கலாம்.

சரி பண்ற வரைக்கும்: மறுபடி ஸ்டார்ட் ஆகாதோன்னு பயந்து குழந்தைய உள்ள வச்சு இன்ஜின ஓட விட்டுட்டு கடைக்கு இறங்கவே கூடாது. சூடான செல்ஃப் மேல தண்ணி ஊத்தாதீங்க, யூட்யூப்ல காட்டுற மாதிரி ஸ்க்ரூடிரைவர் வச்சு ஷார்ட் பண்ணாதீங்க, கியர்ல இருந்தா வண்டி உங்க மேலயே ஏறும். டிக்கில தண்ணி பாட்டில் எப்பவும் கிடக்கணும், நின்னா ஹஸார்ட் போட்டுட்டு தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க.

மீட்டர்ல என்ன காட்டுதுன்னு எழுதுங்க, அப்புறம் பாக்கலாம். ஸ்கூல் பத்தி என் வீட்டம்மாவ கேட்டாதான் தெரியும், விசா யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்கப்பா.