யோசனைப் பெட்டியும் பிறந்தநாள் கேக்கும்

கேள்வி: எங்கள் பம்ப் கம்பெனியில் யோசனைப் பெட்டி வைத்து ஒரு வருஷம் ஆகிறது. விழுவதெல்லாம் கேன்டீன் சாம்பாரைப் பற்றிய புகார்தான். மாதாமாதம் பிறந்தநாள் கேக் வெட்டினால் ஆட்கள் உற்சாகமாகிப் புது யோசனை சொல்வார்கள் என்கிறார் முதலாளி. நடக்குமா?
– ஒரு சூப்பர்வைசர், கோவை

பதில்: கேக் வெட்டுங்கள், யார் வேண்டாம் என்றது! ஆனால் முதலில் சாம்பாரைச் சரி செய்யுங்கள். அவர்கள் எழுதிப் போட்டதே அது ஒன்றுதான். அதற்கே பதில் இல்லையென்றால், பம்புக்குள் சுழலும் இம்பெல்லரைப் பற்றி எதற்கு எழுதப் போகிறார்கள்?

முதலாளி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஹார்வர்டில் தெரசா அமாபிலி என்ற பேராசிரியரும் அவர் குழுவும் 7 கம்பெனிகளில் 222 பேரைத் தினமும் டைரி எழுத வைத்து, 2005-இல் ஆய்வை வெளியிட்டார்கள். மனசு நன்றாக இருந்த நாளில் மட்டுமில்லாமல், மறுநாளும் புது யோசனைகள் அதிகம் வந்திருந்தன. சரி, மனசு எப்போது நன்றாக இருந்தது? கையில் எடுத்த வேலை கொஞ்சமாவது நகர்ந்த நாட்களில்தான் என்று பிறகு அவரே எழுதினார். கேக்குக்கு அதில் பெரிய பங்கில்லை.

மீதிப் பாதி, யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது. அமெரிக்காவின் த்ரீ எம் கம்பெனியில் ஸ்பென்சர் சில்வர் 1968-இல் ஒட்டியும் ஒட்டாத ஒரு பசையைக் கண்டுபிடித்தார். எதற்கு உதவும் என்று அவருக்கே பிடிபடவில்லை. ஆனாலும் மற்ற டிபார்ட்மென்ட்காரர்களிடம் வருஷக்கணக்கில் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அது காதில் விழுந்தவர்களில் ஒருவர் ஆர்ட் ஃப்ரை. சர்ச் பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த துண்டுச் சீட்டு விழுந்துகொண்டே இருந்த எரிச்சலில், 1974-இல் அவருக்கு அந்தப் பசை ஞாபகம் வந்தது. 1980-இல் அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்த, ஒட்டி எடுக்கும் குறிப்புச் சீட்டான போஸ்ட்-இட் அதுதான். உங்கள் வைண்டிங் ஆட்களும் அசெம்பிளி ஆட்களும் ஒன்றாக டீ குடிக்கிறார்களா? டீ நேரத்தை முதலில் ஒன்றாக்குங்கள்.

இன்னொன்று. நான் வேலை பார்த்த மில்லில் ஒரு ஃபிட்டர், ஸ்பேனர் ரேக்கை மெஷின் பக்கம் நகர்த்தலாமே என்றார். “சொன்ன வேலையைப் பாருப்பா” என்றார் மேஸ்திரி. அந்த ஆள் ரிட்டயர் ஆகும்வரை வேறு எதுவும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. உங்களிடம் யாராவது வாயைத் திறந்தால், மறுநாளே ஒரு மெஷினில் செய்து பார்க்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் ஏன் முடியாது என்று அவர் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். நோட்டீஸ் போர்டில் போட்டோ ஒட்டுவதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.