ஆதார் அட்டையில் இருந்த அப்பா

கேள்வி: எனக்கு 38 வயது. பல வருடங்களாக ஞாயிறுதோறும் கேமராவோடு கிளம்பிவிடுவேன். மாட்டுச் சந்தை, மயானக் கொள்ளை, கார்த்திகை தீபம் என்று சுற்றியிருக்கிறேன். வயதானவர்களின் முகங்களை நன்றாக எடுப்பேன் என்று பேர். சென்ற ஆண்டு அப்பா காலமானார். மாலை போட நல்ல படம் இல்லாமல் ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கினோம். அம்மா என்னோடுதான் இருக்கிறார். இப்போது கேமராவைத் தொடவே பிடிக்கவில்லை. எதற்காகப் படம் எடுக்கிறேன் என்றே குழப்பம். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கினால் ஆர்வம் திரும்புமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: திரும்பாது. பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

ஆதார் படத்தைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுக் கேமராவுக்குத் தாவிவிட்டீர்கள் தம்பி. எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. வெள்ளைப் பின்னணி, கோணிய காலர், பின்னால் வரிசை நிற்கிறதே என்ற பதற்றத்தில் வெப்கேமராவைப் பார்த்து விழித்த கண்கள். ஸ்டாம்ப் அளவுப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உடையும். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இனி அதுதான் அவர் முகம்.

அப்பாவைப் படமெடுக்க நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சந்தைப் பெரியவர் உங்களை ஒன்றும் கேட்க மாட்டார். க்ளிக் செய்துவிட்டு நடையைக் கட்டலாம். அப்பா எதிரில் உட்கார்ந்தால், "கடனெல்லாம் தீந்துச்சா? ஏன்டா இப்படி எளச்சுட்ட?" என்று கேட்டிருப்பார். அதற்குப் பயந்துதான் ஞாயிறுதோறும் வீட்டைவிட்டு ஓடியிருக்கிறீர்கள். அந்தப் பெரியவர்களில் ஒருவருக்காவது பிரின்ட் கொண்டுபோய்க் கொடுத்தீர்களா?

அமெரிக்காவின் ரிச்சர்ட் அவெடன் ஃபேஷன் பத்திரிகைகளிலும் பிரபலங்களைப் படமெடுத்தும் பேர் வாங்கியவர். தந்தையோடு அவருக்கு உறவு அத்தனை சுமுகமில்லை. ஆனாலும் 1969-ல் அவரைப் படமெடுக்கத் தொடங்கி, புற்றுநோயில் உடல் ஒடுங்கியபோதும் விடாமல், 1973-ல் அவர் இறக்கும்வரை எடுத்தார். அடுத்த ஆண்டே அந்தப் படங்கள் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன.

மாதாமாதம் பணம் கொடுத்தேன், கொள்ளி வைத்தேன் என்று பிள்ளைகள் கணக்கை முடித்துக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். பெற்றவர் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்ப்பதும் பிள்ளையின் கடமைதான்.

அம்மா இருக்கிறாரே. வரும் ஞாயிறு வெளியே போகாதீர்கள். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்காரவையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், 50 எம்.எம். லென்ஸ் போதும். "என்னை எதுக்குடா எடுக்கிற?" என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வார். உடனே எடுக்காதீர்கள். கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பற்றிக் கேளுங்கள்; அவர் பேசட்டும். எடுத்ததை ஹார்ட் டிஸ்க்கில் போட்டுப் பூட்டிவைக்காமல் அந்த வாரமே பிரின்ட் போட்டு அவர் கையில் கொடுங்கள்.